இரும்பு மாத்திரையும் வெள்ளை மருந்தும்



நம்மில் பலருடைய வீட்டில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். ஊசியும் நூலும் வைப்பதற்கென்று எடுத்துவைத்த டின், நாளடைவில் மருந்து டின்னாக மாறியிருக்கும். திறந்து பார்த்தால், கிளினிக்கில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை ஓர் உறையில், தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரை இன்னோர் உறையில், பாட்டியின் சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒரு புட்டியில், எப்போதோ காய்ச்சலுக்குக் கொடுத்து மீந்துபோன மருந்து ஒரு மூலையில். இவற்றோடு நெஞ்செரிச்சலுக்கும் வயிற்றெரிச்சலுக்கும் குடிக்கும் வெள்ளை மருந்து ஒரு போத்தலில் நிற்கும்.

தனித்தனியே பார்த்தால் இவை நல்ல மருந்துகள்தாம். ஆனால் நல்ல மருந்துகள் இரண்டு ஒரே வேளையில் வயிற்றுக்குள் போனால், ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடுவதும் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். நாம் மருத்துவர் அல்லர். பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் அறிவியலும் சொல்லித் தரும் தோட்டப் பள்ளி ஆசிரியர். ஆயினும் இதைப் பேச நமக்கு ஒரு காரணம் இருக்கிறது. நாமே செய்த ஒரு தவற்றிலிருந்துதான் இந்தப் பாடத்தைக் கற்றோம்.

நம் பள்ளியில் முதலாம் ஆண்டில் படித்த ஒரு பையனின் தாயார் அவர். கணவர் செம்பனைக் குலை வெட்டுபவர். இவரும் உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்குப் போய்வந்தவர்தான். இரண்டாவது பிள்ளை உண்டாகி ஐந்தாம் மாதம் ஆனதும் வேலையை நிறுத்திக்கொண்டார். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் 10.5-க்கும் மற்ற மாதங்களில் 11-க்கும் கீழே இருந்தால் அது இரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு. மிஸ்ஸி இரும்பு மாத்திரையும், ஃபோலிக் அமில மாத்திரையும், சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்.

ஒரு நாள் காலையில் மகனைப் பள்ளியில் விட வந்தவர், "சார், இந்த உறைகளில் எல்லாம் மலாயில் எழுதியிருக்கிறது. எதை எப்போது சாப்பிடுவது என்று குழம்பிப்போகிறேன். ஒரு தாளில் எழுதித் தருகிறீர்களா?" என்று கேட்டார். நாமும் பெருமையோடு எழுதிக் கொடுத்தோம். "மறதி வராமல் இருக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே வேளையில் முடித்துவிட வேண்டும், அம்மா. இரவுச் சாப்பாடு ஆனதும் வரிசையாகச் சாப்பிட்டுவிடுங்கள்" என்று சொல்லி, கட்டம் போட்டு, சிவப்பு மையால் தலைப்பிட்டுக் கொடுத்தோம். கட்டத்தில் நான்கு வரிகள். முதல் மூன்று, கிளினிக் கொடுத்த மாத்திரைகள். நான்காவது, நெஞ்செரிச்சலுக்காக அவரே கடையில் வாங்கி வைத்திருந்த வெள்ளை மருந்து இரண்டு கரண்டி.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் இரத்தம் சோதித்தார்கள். 9.3 என்று வந்தது. ஏற வேண்டியது ஏறவில்லை. ஒரு புள்ளி இறங்கியும் இருந்தது.

வீட்டில் மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "மாத்திரையை வாங்கி வாங்கி எங்கே கொட்டுகிறாய்? வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு நீயே பகையா?" என்று அடுத்த வீடுகளுக்கும் கேட்கும்படி பேசிவிட்டார். கணவரும் வாய் திறக்கவில்லை. அவருக்கும் சந்தேகம்தான். வாயும் வயிறுமாக இருந்த அந்தப் பெண், நாம் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். ஒவ்வொரு நாளும் மாத்திரை சாப்பிட்டதும் தாளின் கீழே ஒரு கோடு போட்டிருந்தார். எண்ணிப் பார்த்தோம். 42 கோடுகள். "ஒரு நாள்கூடத் தவறவில்லை, சார். நீங்களாவது நம்புங்கள்" என்றார்.

நாம் நம்பினோம். ஆனால் காரணம் நமக்கும் தெரியவில்லை. "இந்தத் தாளையும், வீட்டில் இருக்கும் மருந்து அத்தனையையும் ஒரு பையில் போட்டு மிஸ்ஸியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், அம்மா" என்று மட்டும் சொன்னோம்.

மறுநாள் தாள் நம்மிடம் திரும்பி வந்தது. அந்த மலாய் மிஸ்ஸி, இரும்பு மாத்திரை என்ற வரியையும் வெள்ளை மருந்து என்ற வரியையும் பேனாவால் வட்டமிட்டு, இரண்டுக்கும் நடுவே ஓர் அம்பு போட்டு, "2 ஜாம்" என்று எழுதியிருந்தார். ஜாம் என்றால் மலாயில் மணி நேரம். இரண்டுக்கும் இடையே குறைந்தது 2 மணி நேரம் இருக்க வேண்டும் என்று பொருள். வட்டமிட்ட இரண்டு வரியும் நம் கையெழுத்து. இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிடச் சொன்னது நாமேதான். அந்தப் பெண் வீட்டில் வாங்கிய ஏச்சுக்கு நாமும் ஒரு காரணம்.

அன்று மாலை உட்கார்ந்து இதன் காரணத்தைத் தேடிப் படித்தோம். படித்ததை இப்போது உங்களுக்குச் சொல்கிறோம்.

நம் இரைப்பையில் இயற்கையாகவே ஓர் அமிலம் சுரக்கிறது. சாப்பிட்ட உணவைக் கரைக்கவும், உணவோடு வரும் கிருமிகளைக் கொல்லவும் அது உதவுகிறது. அந்த அமிலம் நெஞ்சுப் பக்கம் ஏறிவந்தால் எரிச்சல். கர்ப்பிணிகளுக்கு இது அதிகம். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஒரு சுரப்பு, இரைப்பையின் மேல்வாயை இறுக்கிப் பிடிக்கும் தசையைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கருப்பையும் கீழிருந்து நெருக்குகிறது. ஆகவே இரும்பு மாத்திரை தேவைப்படும் அதே பெண்ணுக்குத்தான் வெள்ளை மருந்தும் தேவைப்படுகிறது.

வெள்ளை மருந்து என்று நாம் சொல்வது அமில முறிப்பு மருந்து. போத்தலின் மேல் உள்ள சீட்டைப் படித்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடு, மக்னீசியம் ஹைட்ராக்சைடு, மக்னீசியம் டிரைசிலிகேட், கால்சியம் கார்பனேட் என்ற பெயர்களில் ஒன்றோ இரண்டோ இருக்கும். மென்று தின்னும் வில்லைகளிலும் இவைதாம் இருக்கின்றன. தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும் உப்பில் சோடியம் பைகார்பனேட், அதாவது நம் சமையலறைச் சோடா மாவு, இருக்கிறது. இவை எல்லாமே காரத் தன்மை உள்ளவை. அமிலத்தோடு சேர்ந்து அதன் வேகத்தை அடக்குகின்றன. அதனால் எரிச்சல் தணிகிறது.

இரும்பு மாத்திரையின் வழி வேறு. உடல் இரும்பை ஏற்றுக்கொள்ளும் இடம், இரைப்பையை அடுத்த சிறுகுடலின் முதற்பகுதி. அங்கே போய்ச் சேரும்போது இரும்பு கரைந்த நிலையில் இருந்தால்தான் குடல் அதை உறிஞ்சும். கரைந்த நிலையில் வைத்திருப்பது இரைப்பையின் அமிலம்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வாளியில் சேர்ந்த பாலில் சிறிது அமோனியா விட்டால் அது உறையாமல் நீராகவே இருக்கும். அதே பாலைத் தொட்டியில் ஊற்றி ஃபார்மிக் அமிலம் கலந்தால் கட்டியாக உறைந்துவிடும். பால் ஒன்றுதான். காரம் சேர்ந்தால் ஒரு நிலை, அமிலம் சேர்ந்தால் இன்னொரு நிலை. இரும்பு இதற்கு நேர்மாறானது. அமிலத்தில் கரைந்து நிற்கும். காரம் சேர்ந்தால் கரையாத பொடியாகக் கட்டிப்போகும். கட்டிப்போன இரும்பைக் குடல் உறிஞ்சாது. அது மலத்தோடு வெளியே போய்விடும்.

கிளினிக்குகளில் கொடுக்கும் இரும்பு மாத்திரைகளில் ஃபெரஸ் ஃபியூமரேட் என்பது பரவலானது. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் உள்ள இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம். நல்ல நிலையிலேயே உடல் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் ஏற்றுக்கொள்ளும். அந்தச் சிறு பகுதியிலும் வெள்ளை மருந்து கை வைத்தால் மிஞ்சுவது என்ன?

இன்னொரு செய்தியும் உண்டு. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். "கறுப்பாகப் போகிறது, மருந்து வேலை செய்கிறது" என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியன்று. மலத்தைக் கறுப்பாக்குவது உடல் ஏற்காமல் விட்ட இரும்பு. எவ்வளவு இரும்பு உடலில் சேர்ந்தது என்பதை இரத்தச் சோதனைதான் சொல்லும்.

இதில் ஒரு சுழலும் இருக்கிறது. இரும்பு மாத்திரையே சிலருக்கு வயிற்றில் எரிச்சலையும் குமட்டலையும் தரும். எரிச்சல் வந்ததும் வெள்ளை மருந்தைக் குடிக்கிறோம். குடித்ததும் இரும்பு வீணாகிறது. இரத்தம் ஏறவில்லை என்று கிளினிக்கில் இரும்பைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். கூட்டியதும் எரிச்சலும் கூடுகிறது. வெள்ளை மருந்தும் கூடுகிறது. இந்தச் சுழலில் சிக்கிய பெண்ணைப் பார்த்து, "நீ மாத்திரையைக் கொட்டிவிடுகிறாய்" என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! எரிச்சல் வந்தால் அதை மிஸ்ஸியிடம் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் மாத்திரையைச் சாப்பிடச் சொல்லலாம், அளவைக் குறைக்கலாம், வேறு வகை மாத்திரைக்கு மாற்றலாம். வழிகள் இருக்கின்றன.

அப்படியானால் வெள்ளை மருந்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? வேண்டாம். இரும்பு மாத்திரையை நிறுத்திவிட வேண்டுமா? அது கூடவே கூடாது. செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறவர்களுக்குத் தெரியும்: யூரியாவும் மண்ணுக்கு நல்லது, சுண்ணாம்புத் தூளும் நல்லது. ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் போட மண்டோர் விடமாட்டார். ஒன்றாகப் போட்டால் உரத்தின் சத்து அமோனியாவாகிக் காற்றோடு போய்விடும். அந்தச் சுண்ணாம்புத் தூளில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தாம் பல வெள்ளை மருந்துகளிலும் இருக்கின்றன. மண்ணுக்குத் தருகிற அந்த இடைவெளியை நம் வயிற்றுக்கும் தர வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது வேளைக் கணக்கைப் பார்ப்போம். பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இரும்பு மாத்திரைக்கும் வெள்ளை மருந்துக்கும் இடையே குறைந்தது 2 மணி நேரம் இருக்கட்டும். கிளினிக்கில் இதைவிட அதிக இடைவெளி சொன்னால் அதையே கடைப்பிடியுங்கள்.

இரண்டாவது, இரும்பு மாத்திரையை வெறுந்தண்ணீரோடு விழுங்குங்கள். தேத்தண்ணி, காப்பி, பால் ஆகியவற்றோடு வேண்டாம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. தேத்தண்ணி குடிப்பதானால் ஒரு மணி நேரமாவது போகட்டும்.

மூன்றாவது, சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டாம். கால்சியமும் இரும்புக்கு இடைஞ்சல் செய்யும். கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை தானும் கரைவதற்கு அமிலம் வேண்டும். ஆகையால் அதை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்வது நல்லது.

அந்தப் பெண்ணுக்காக நாம் எழுதிய இரண்டாவது தாள் இப்படி அமைந்தது. மதியச் சாப்பாட்டோடு சுண்ணாம்புச் சத்து. மாலை 5 மணிக்குத் தண்ணீரோடு இரும்பும் ஃபோலிக் அமிலமும். இரவு 8 மணிக்குச் சாப்பாடு. 10 மணிக்குப் படுக்கப்போகும்போது எரிச்சல் இருந்தால் மட்டும் வெள்ளை மருந்து. இந்த முறை தாளை முதலில் மிஸ்ஸியிடம் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகே சுவரில் ஒட்டச் சொன்னோம். உங்கள் வீட்டு வேலை நேரம் வேறாக இருக்கலாம். நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், இடைவெளியை மட்டும் மாற்றாதீர்கள்.

எரிச்சலையே குறைக்கும் வழிகளும் உண்டு. ஒரே தடவை வயிறு நிறையச் சாப்பிடாமல், சிறுகச் சிறுகப் பல தடவை சாப்பிடலாம். சாப்பிட்ட உடனே படுக்காமல் இருக்கலாம். தலைமாட்டைச் சற்று உயர்த்திப் படுக்கலாம். எண்ணெயில் பொரித்ததையும் அதிகக் காரத்தையும் குறைக்கலாம். வெள்ளை மருந்தின் தேவை குறைந்தால் இரும்பின் வழியும் தானாகத் திறக்கும்.

இரும்போடு மட்டும் இந்தச் சிக்கல் முடிந்துவிடவில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து தொற்றும் எலிக்காய்ச்சலைத் தோட்டத்து மக்கள் அறிவார்கள். அதற்குக் கொடுக்கும் மருந்துகளுள் ஒன்று டாக்சிசைக்ளின். இதை வெள்ளை மருந்தோடோ இரும்பு மாத்திரையோடோ சாப்பிட்டால், மருந்து அந்த உலோகங்களோடு ஒட்டிக்கொண்டு உடலில் சேராமல் போகும். சிப்ரோஃபிளாக்சசின் என்ற மருந்துக்கும் இதே கதிதான். காய்ச்சல் மருந்து வாங்கும்போது, வீட்டில் சத்து மாத்திரையும் வெள்ளை மருந்தும் சாப்பிடுவதைச் சொல்லி, எத்தனை மணி இடைவெளி என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கழுத்துச் சுரப்பிக்காகத் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வெள்ளை மருந்து ஆகியவற்றை 4 மணி நேரமாவது தள்ளி வைக்க வேண்டும்.

பலசத்து மாத்திரை என்று கடையில் விற்பதிலும் பெரும்பாலும் இரும்பும் துத்தநாகமும் கலந்திருக்கும். "அது வெறும் வைட்டமின்தானே" என்று எண்ணி வெள்ளை மருந்தோடு சேர்த்து விழுங்க வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெள்ளை மருந்தைத் தொடலாகாது. அவர்களுடைய உடல் அலுமினியத்தையும் மக்னீசியத்தையும் எளிதில் வெளியேற்றாது. அலுமினியம் உள்ள மருந்தோடு எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறு குடித்தால் உடலில் சேரும் அலுமினியம் கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சோடா உப்பை அடிக்கடி குடிப்பது நல்லதன்று. அதில் உள்ள சோடியம் கெடுதல் செய்யும். அலுமினியம் உள்ள மருந்தை மாதக்கணக்கில் மிகுதியாகக் குடித்தால், எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் சத்தும் உடலில் குறைந்துபோகும்.

இன்னொரு வகை மருந்தையும் வேறுபடுத்தி அறிய வேண்டும். ஓமெப்ரசோல் போன்ற மருந்துகள், சுரந்த அமிலத்தை முறிப்பவை அல்ல. அமிலம் சுரப்பதையே குறைப்பவை. அவற்றின் வேலை ஒரு நாளுக்கு மேலும் நீடிப்பதால், 2 மணி நேர இடைவெளி விட்டாலும் பயன் இல்லை. இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றில் உள்ள பி12 என்னும் உயிர்ச்சத்தை உணவிலிருந்து பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். இத்தகைய மருந்துகளை 2 ஆண்டுகளும் அதற்கு மேலும் சாப்பிட்டவர்களிடையே பி12 குறைபாடு கூடுதலாகக் காணப்பட்டது என்று 2013-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், மரக்கறி உணவே உண்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு உண்டு. ஆகவே இவர்கள் தாமாக மருந்தை நிறுத்தாமல், "இன்னும் எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? பி12 சோதிக்க வேண்டுமா?" என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நேயர்களே, இரத்தசோகை தோட்டத்துக்குப் புதிதன்று. 1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று மலாயாவுக்கும் ஜாவாவுக்கும் பிஜிக்கும் வந்து, கொக்கிப் புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தின் வழியே புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தைக் குடித்தது அந்தப் புழு. நம் பாட்டன் பாட்டிமார் வெளிறிப்போய்க் களைத்து விழுந்ததற்குச் சோம்பல் காரணமன்று. பல வேளைகளில் இந்தப் புழுவும் மலேரியாவுமே காரணம். அன்று அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசினார்கள். இன்றும் உலகில் கர்ப்பிணிகள் 100 பேரில் ஏறத்தாழ 37 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே ஒரு பெண்ணின் இரத்தம் ஏறவில்லை என்றால், குற்றம் சுமத்துமுன் காரணத்தைத் தேட வேண்டும்.

காரணம் எப்போதும் வெள்ளை மருந்தாகவே இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. குடற்புழுவாக இருக்கலாம். தலசீமியா என்னும் பரம்பரைக் குறையாக இருக்கலாம். அப்போது இரும்பு தேவைதானா என்பதையே மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் விட ஆபத்தானது, வயிற்றுப் புண்ணிலிருந்து உள்ளுக்குள்ளே இரத்தம் கசிவது. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் வலி மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்குகிறவர்களுக்கு இந்தப் புண் வரலாம். அவர்கள் எரிச்சலுக்கு வெள்ளை மருந்தைக் குடித்துச் சமாளித்துக்கொண்டே இருப்பார்கள். உள்ளே இரத்தம் போய்க்கொண்டே இருக்கும். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு போனாலும், இரத்தமாகவோ காப்பித் தூள் போலவோ வாந்தி எடுத்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடல் மெலிந்தால், விழுங்க முடியாமல் போனால், எரிச்சல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அத்தகைய நிலையில் வெள்ளை மருந்து நோயை மூடி மறைக்கும் போர்வையாகிவிடும்.

மருந்து உறையில் உள்ள மலாய்ச் சொற்களைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் சொல்லுங்கள். "செபெலும் மாக்கான்" என்றால் சாப்பாட்டுக்கு முன். "செலெபாஸ் மாக்கான்" என்றால் சாப்பாட்டுக்குப் பின். "காலி செஹாரி" என்பதற்கு முன்னால் உள்ள எண், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதைக் காட்டும். மருந்து கொடுக்கும் சன்னலில் நின்று, "இனி போலெ மாக்கான் சாமா-சாமா கா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். இதையெல்லாம் ஒன்றாகச் சாப்பிடலாமா என்பதே அதன் பொருள். மிஸ்ஸியையோ மருந்தாளரையோ, நம் பெரியவர்கள் இன்றும் டிரெசர் என்றே அழைக்கும் மருத்துவ உதவியாளரையோ கேட்டால் பதில் சொல்வார்கள். கடையில் வாங்கிய மருந்தை மறைக்கவும் வேண்டாம். அந்தப் பெண் வெள்ளை மருந்தைப் பற்றி முதலில் சொல்லாததற்குக் காரணம், "அது மருந்தே இல்லை, சாதாரண மாவுத் தண்ணீர்" என்று எண்ணியதுதான். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

இன்னும் ஒன்று. இரும்பு மாத்திரைகள் சில, பார்ப்பதற்கு மிட்டாய் போல இருக்கும். சிறு பிள்ளைகள் அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பிஸ்கட் டின் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பிள்ளை விழுங்கிவிட்டது என்று தெரிந்தால், பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

அந்தத் தாயாரின் செய்தியையும் சொல்லி முடிக்கிறோம். புதிய தாளின்படி சாப்பிட்டு ஆறு வாரம் ஆனபோது 10.4 வந்தது. பிரசவத்துக்கு முன் 11.1 ஆயிற்று. பெண் குழந்தை பிறந்தது. ஒரு வீட்டில் நடந்ததைக் கொண்டு ஊருக்கெல்லாம் விதி வகுக்க முடியாதுதான். ஆயினும் இரும்பையும் அமில முறிப்பு மருந்தையும் பிரித்துச் சாப்பிட வேண்டும் என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் விதியே.

மாமியார், தாம் பேசியதைப் பற்றி மருமகளிடம் ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் மிஸ்ஸி சொன்னதைக் கேட்ட மறுநாளிலிருந்து, மாலை 5 மணி ஆனால் மாத்திரையும் ஒரு குவளைத் தண்ணீரும் அவர் கையாலேயே வந்தனவாம். இதைச் சொன்னபோது அந்தப் பெண் சிரித்தார். நாம் அவரிடம், "தப்பு எங்களுடையது, அம்மா" என்றோம். "நீங்கள் நல்லதற்குத்தானே சொன்னீர்கள், சார்" என்றார். நல்லதற்குச் சொன்னாலும் தெரிந்து சொல்ல வேண்டும் என்பதை நாம் அன்று கற்றுக்கொண்டோம். இப்போதும் பெற்றோர் மருந்து உறையோடு வந்தால், உறையில் உள்ளதை வாசித்துப் பொருள் சொல்கிறோம். எதை எதோடு சாப்பிடுவது என்று கேட்டால், "கிளினிக்கில் கேட்டு வாருங்கள், பிறகு எழுதித் தருகிறோம்" என்கிறோம்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பிஸ்கட் டின்னை ஒரு தடவை திறந்து பாருங்கள். உள்ளே இருப்பதை எல்லாம் ஒரு பையில் போட்டு, அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது கையோடு கொண்டு போங்கள்.